முதலில் வேனா, வகுப்பா? சிறுவர் நாடகத்துக்கு வர நினைப்பவர்களுக்கு

அக்கா மகளுக்கு 23 வயது. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த்தில் வீடு. தொடர்புத்துறையில் பட்டம் முடித்துவிட்டு, வேலை செய்தால் சிறுவர் நாடகத்தில்தான் என்று நிற்கிறாள். இப்போது அவள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்க் காட்சி நடத்தும் கோலாலம்பூர்க் குழு ஒன்று முழுநேர நடிகையாகக் கூப்பிடுகிறது, மாதச் சம்பளம் 2,000 ரிங்கிட். பினாங்குத் தீவில் இரண்டு கற்றல் மையங்கள் சிறுவர்களுக்கு நாடக வகுப்பு எடுக்கக் கேட்கின்றன, மணிக்கு 50 ரிங்கிட். மூன்றாவது அவள் அம்மாவின் ஆசை. கல்வியியல் டிப்ளோமா படித்து அரசாங்கப் பள்ளியில் ஆசிரியையாகிவிடு, நாடகத்தை அங்கேயே செய்துகொள்ளலாம் என்கிறார்.

"சின்னம்மா, நீங்க ரெண்டையும் செஞ்சவங்க. நான் எதுக்குப் போகட்டும்?" என்று போனில் கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தியாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அறையில் தங்கி ஆறு ஆண்டுகள் பள்ளி பள்ளியாகப் போய் நடித்தவள். 2021இல் பினாங்குக்கே திரும்பி வந்து வகுப்பெடுக்கத் தொடங்கினேன். இப்போது வாரத்துக்கு நான்கு வகுப்புகள், அதோடு இரண்டு பேர் மட்டுமே உள்ள ஒரு சின்னக் குழு. இரண்டு வேலைகளிலும் இனிப்பு எது, கசப்பு எது என்று என்னால் சொல்ல முடியும்.

வேன் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் காட்சி என்றால் காலை நாலரைக்கு எழ வேண்டும். ஐந்தே காலுக்கு வேன் கிளம்பினால்தான் பந்திங்கிலோ கோல சிலாங்கூரிலோ உள்ள பள்ளிக்கு ஆறரை, ஏழுக்குப் போய்ச் சேரலாம். சபை கூடல் முடிவதற்குள் திரை கட்டி, ஸ்பீக்கர் வைத்து, முகத்துக்குப் பூசி, உடை மாற்றியிருக்க வேண்டும். பல பள்ளிகளில் மண்டபம் இருக்காது. சிற்றுண்டிச்சாலையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே ஆடுவோம். ஒரு பக்கம் சமையலம்மா சட்டியில் மீ கோரேங் கிண்டிக்கொண்டிருப்பார், இன்னொரு பக்கம் நான் நரியாக ஓடிக்கொண்டிருப்பேன். ஓய்வு நேரத்துக்கு முன்னால் முதல் படிநிலைப் பிள்ளைகளுக்கு (ஆண்டு 1 முதல் 3) ஒரு காட்சி, பின்னால் இரண்டாம் படிநிலைக்கு (ஆண்டு 4 முதல் 6) ஒரு காட்சி. ஒரு மணிக்குப் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் அவிழ்த்து மடித்து வேனில் அடுக்க வேண்டும். வியர்வையில் நனைந்த உடையை அன்றிரவே துவைத்துக் காயப்போடாவிட்டால் மறுநாள் அதைப் போடவே முடியாது.

'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்பார்கள். விடிய விடிய ஆடுகிறவன் எப்போது விடியும் என்று பார்க்கிறான், பகலெல்லாம் உழைக்கிறவன் எப்போது பொழுது சாயும் என்று பார்க்கிறான். பள்ளி நாடகக்காரருக்குக் கூத்தும் கூலியும் ஒரே காலையில் முடிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

ஆனால் அந்த நாற்பது நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை. இரட்டைக்கிளவிகளை வைத்து ஒரு நாடகம் போட்டோம். தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் செய்யுளும் மொழியணியும் என்ற பகுதியில் பிள்ளைகள் மனனம் செய்யும் அதே இரட்டைக்கிளவிகள்தாம். காவல்காரர் திருடனை இழுத்துக்கொண்டு வருவார், அப்படியே நின்றுவிடுவார். எப்படி இழுக்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பார். இருநூறு பிள்ளைகள் ஒரே குரலில் "தரதர!" என்று கத்துவார்கள். அப்போதுதான் இழுப்பார். மேகம் எப்படி உறுமும், தாத்தா எப்படி ஓடுவார், குளிரில் பல் எப்படி அடிக்கும், எல்லாமே அவர்கள் சொன்னால்தான் நடக்கும். தேர்வுத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பிய சொல் ஒன்று, தான் கத்தியதும் ஓர் ஆளைத் தரையில் இழுக்கிறது என்று தெரிந்தவுடன் அந்த முகங்கள் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் பேராவில் ஒரு தோட்டப்புறப் பள்ளி. காட்சி முடிந்து திரையை மடித்துக்கொண்டிருந்தபோது ஆண்டு 2 படிக்கும் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் எங்களுக்கு ஜொகூரில் காட்சி. நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வேனில் ஏறினேன். அந்தப் பள்ளிக்கு நான் இன்றுவரை மறுபடி போனதில்லை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காட்சிக்கு 150 பிள்ளைகள், நாளுக்கு இரண்டு காட்சி, வாரம் நான்கு நாள், ஆண்டில் முப்பது வாரம் என்று வைத்தால் பயணக் குழுவில் இருப்பவர் ஓர் ஆண்டில் 36,000 பிள்ளைகள் முன்னால் நிற்கிறார். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது. வகுப்பில் பன்னிரண்டு பேர் வீதம் நான்கு வகுப்பு என்றால் எனக்கு 48 பிள்ளைகள். யாருக்கு இருட்டென்றால் பயம், யாருடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார், யார் கோபம் வந்தால் மேசைக்கடியில் போய் உட்காருவார், எல்லாம் தெரியும். 36,000 பெரிதா, 48 பெரிதா என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. நீங்கள் எந்த எண்ணோடு வாழக்கூடியவர் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். பயணக் குழுவின் வருமானம் பள்ளியின் அளவைப் பொறுத்தது. நாட்டில் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றதும் பெரிய சந்தையாகத் தோன்றும். அவற்றில் நிறையப் பள்ளிகள் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ளவை. முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் உண்டு. தலைக்கு ஐந்து ரிங்கிட் என்று வாங்கினால் அங்கே 150 ரிங்கிட்தான் கிடைக்கும். டோலுக்கும் டீசலுக்கும் நான்கு பேர் சாப்பாட்டுக்கும் அதுவே போதாது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை முறை மாறி லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 3.35 ரிங்கிட்டானபோது, டீசல் வேன் வைத்திருந்த குழுக்களுக்குத் தூரத்துப் பள்ளிகள் இன்னும் தூரமாயின. எந்தப் பிள்ளைகளுக்கு நாடகம் பார்க்க வேறு வழியே இல்லையோ, அந்தப் பிள்ளைகளிடம் போவதற்குத்தான் செலவு அதிகம். நன்கொடையாளர் கிடைத்தால் போவோம், கிடைக்காவிட்டால் நகரத்துப் பெரிய பள்ளிகளையே சுற்றிச் சுற்றி வருவோம். எனக்கு இது கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அக்கா மகளுக்குச் சொல்லப்பட்ட 2,000 ரிங்கிட் இந்தத் தொழிலில் மோசமான தொடக்கம் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட், அதற்கு மேல்தான் தருகிறார்கள். முறையான வேலை என்றால் ஊழியர் சேமநிதிக்கு அவள் பங்கு 11 விழுக்காடு, 220 ரிங்கிட் போகும். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 260 ரிங்கிட் போட வேண்டும். கைக்கு வருகிற ஏறக்குறைய 1,780இல் அறை வாடகைக்கு 600 கொடுத்தால் மிச்சம் 1,180 அளவில். கோலாலம்பூரில் அதை வைத்து ஓட்டலாம், ஆனால் சேமிக்க முடியாது.

ஆகையால் அவள் முதலில் கேட்க வேண்டியது, அந்த 2,000 உண்மையிலேயே சம்பளம்தானா என்பது. நான் சேர்ந்த குழுவில் மாதச் சம்பளம் என்றுதான் சொன்னார்கள். சேர்ந்த பிறகுதான் காட்சி இல்லாத மாதத்தில் பாதிச் சம்பளம், ஒத்திகைக்குச் சம்பளமே கிடையாது, சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் இல்லை என்று தெரிந்தது. நான்காம் ஆண்டில் குரல் போனது. மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் தினமும் இரண்டு முறை கத்தி நடித்ததன் பலன். மூன்று வாரம் பேசவே கூடாது என்றார் மருத்துவர். அந்த மூன்று வாரமும் எனக்கு வருமானம் இல்லை. இன்று சுயதொழில் செய்பவர்களுக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கென்று வந்தது, 2020 முதல் கலைத்துறை உட்படப் பல தொழில்களுக்கும் விரிந்தது. வேலையின்போது நேரும் விபத்துக்கு அது கைகொடுக்கும். ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டத்தில் நாமாகவே பணம் போட்டால் அரசாங்கமும் ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. குழு போடாவிட்டால் நாமே போட்டுக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

இன்னும் சில கேள்விகள் சின்னவையாகத் தெரியும், ஆனால் வேனில் ஏறிய பிறகு அவைதான் பெரிதாக நிற்கும். வேனை யார் ஓட்டுவது? விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அதே ஆள் மேடையேறுகிறாரா? வெளியூரில் தங்கினால் பெண்களுக்குத் தனி அறை உண்டா? மைக் இருக்கிறதா? காட்சி கடைசி நேரத்தில் ரத்தானால் அன்றைய சம்பளம் உண்டா? ஒரு பிள்ளையைத் தனியாக அழைத்துப் போகக்கூடாது, கழிப்பறைப் பக்கம் உடை மாற்றக்கூடாது என்பதுபோன்ற விதிகளை எழுதி வைத்திருக்கிறார்களா? 2017இல் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வந்த நாடு இது. பிள்ளைகளோடு வேலை செய்யும் குழு இந்த விதிகளை வாய்மொழியாக வைத்திருந்தால் போதாது.

2020 மார்ச் 18ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். அதற்கு முந்திய இரண்டு நாளில் எங்கள் ஆண்டு முழுவதுக்குமான பதிவுகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை. வகுப்பெடுத்த நண்பர்கள் சிலர் ஒரு மாதத்துக்குள் ஸூமில் தொடங்கிவிட்டார்கள். பயணக் குழுவுக்கு மட்டும் போக இடமே இல்லை. அந்த ஆண்டுதான் நான் பினாங்குக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

இனி வகுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலை, காலை நாலரைக்கு எழ வேண்டாம். நான் அப்படி நினைத்துத்தான் முதல் வகுப்புக்குப் போனேன். ஏழிலிருந்து ஒன்பது வயதுவரை பன்னிரண்டு பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். பள்ளிக் காட்சியில் இருநூறு பேரைக் கட்டிப்போட்டவள் நான், அந்தப் பன்னிரண்டு பேரை இருபது நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கத் தெரியாமல் தடுமாறினேன். மேடையில் பிள்ளைகள் சத்தம் போட்டால் அதற்கு மேல் சத்தம் போட்டுப் பழகிய குரல் என்னுடையது. வகுப்பிலும் அதையே செய்தேன். அவர்கள் அடங்கினார்கள், ஆனால் விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள். என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்று நான் அவர்களைப் பார்வையாளர்களாக ஆக்கிவிட்டேன்.

அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. இப்போது முதல் வகுப்பில் ஒரு நீளத் துணியை நடுவில் போடுவேன். இது துணி இல்லை, வேறு ஏதோ, என்னவென்று சொல்லாமல் செய்து காட்டுங்கள் என்பேன். முதல் வாரம் எல்லாருக்கும் அது முதுகில் கட்டும் அங்கியாகவோ பாம்பாகவோதான் இருக்கும். ஒருவர் செய்ததையே அடுத்தவரும் செய்வார். அவசரப்படக்கூடாது. போன ஆண்டு ஒரு பெண்பிள்ளை ஐந்து வாரம் வாயே திறக்கவில்லை, துணியைத் தொடவும் இல்லை. ஆறாவது வாரம் எழுந்து வந்தாள். துணியைத் தரையில் அகலமாக விரித்தாள், ஓரத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் புள்ளி வைத்துக் கோலம் போட ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த பையன் எழுந்து, துணியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பயணக் குழுவில் இருந்த ஆறு ஆண்டில் இப்படியொன்று என் கண்ணில் பட்டதே இல்லை. ஆறாவது வாரம் என்று ஒன்று அங்கே கிடையாது.

வகுப்புக்கும் கசப்பு உண்டு. கற்றல் மையங்கள் பெரும்பாலும் ஆண்டு இறுதி நிகழ்ச்சியைக் குறியாக வைத்துத்தான் நாடக வகுப்பைத் திறக்கின்றன. பெற்றோருக்கு வீடியோ எடுக்க ஏதாவது வேண்டும். நான் வேலை செய்த ஒரு மையத்தில் மூன்றாவது வாரமே வசனத் தாள் கொடுக்கச் சொன்னார்கள். துணி விளையாட்டெல்லாம் நேர விரயம் என்றார்கள். சம்பளமும் இரண்டு மாதம் தாமதம். அங்கிருந்து விலகினேன். அக்கா மகள் அந்த இரண்டு மையங்களிடமும் இதைத்தான் முதலில் பேச வேண்டும்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை வாரத்துக்கு அவர்கள் மாறாமல் இருப்பார்கள், இறுதி நிகழ்ச்சி உண்டா, அதில் என்ன காட்ட வேண்டும் என்று யார் முடிவு செய்வார். பதினைந்து பேருக்கு மேல் என்றால் ஏற்காதே என்பேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி கல்வி நிலையத்தில் கற்பிப்பவர் ஆசிரியராகப் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் கற்பிக்கும் பெர்மிட் வேண்டும். அதை மையமே எடுத்துத் தருமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நகரத்துப் பிள்ளைகளின் மொழியும் ஒரு விஷயம். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்ப்பள்ளியில் படிப்பவர்கள் இல்லை. வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் மலாய், தமிழ் பாட்டியோடு மட்டும். பள்ளிக் காட்சியில் இந்தப் பிள்ளைகளை நாம் சந்திக்கவே மாட்டோம். வகுப்பில் அவர்கள் கடைக்காரராகவும் கிழவியாகவும் குருவியாகவும் நடிக்கும்போது அந்தப் பாட்டித் தமிழ் வெளியே வருகிறது. திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், மெல்ல மெல்ல வளர்கிறது.

வருமானம் என்று பார்த்தால், வாரம் எட்டு மணி நேரம் கிடைத்தால் அவளுக்கு மாதம் 1,600 ரிங்கிட். பள்ளி விடுமுறை வாரங்களில் வகுப்பு இருக்காது. ஆனால் அப்போதுதான் விடுமுறைப் பட்டறைகளுக்கு ஆள் தேடுவார்கள். இரண்டு வேலைகளுக்கும் நாள்காட்டி நேரெதிராக ஓடுகிறது. 2026இலிருந்து பள்ளித் தவணை மறுபடி ஜனவரியில் தொடங்குவதால், ஆண்டு இறுதி நெடு விடுமுறையில் பயணக் குழுக்களுக்கு வேலை இருக்காது, பட்டறை நடத்துபவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இரண்டையும் தெரிந்தவருக்குத்தான் பன்னிரண்டு மாதமும் வருமானம்.

அரசாங்க ஆசிரியை வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை இந்த இரண்டோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்பவர்களுக்கு ஆயத்த வகுப்பும் பட்டப்படிப்பும் சேர்த்து ஐந்து ஆண்டு. பட்டதாரிகளுக்குக் குறுகிய வழி உண்டு, அதற்கும் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டும். நிலையான வேலை, மருத்துவச் செலவுக் கவலை இல்லை, அக்கா சொல்வதில் தவறே இல்லை. ஆனால் தொடக்கப்பள்ளியில் நாடகம் தனிப் பாடம் அல்ல. கணிதமும் அறிவியலும் மற்றதும் கற்பித்து, கோப்புகளை முடித்து, மிஞ்சும் புறப்பாட நேரத்தில்தான் நாடகம். வெளியில் காட்சியோ வகுப்போ நடத்திச் சம்பாதிக்க வேண்டுமென்றால் அரசு ஊழியர் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு எல்லாமாக இருக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வேலைக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த மிக நல்ல நாடக ஆசிரியர்களில் இரண்டு பேர் அப்படிப் போனவர்கள். நாடகத்துக்குப் பாதுகாப்பான இடம் என்று நினைத்துப் போனால் இரண்டு பக்கமும் ஏமாற்றம்தான், முக்கியமாக அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு.

இன்னொரு வழி உண்டு. அதை யாரும் வேலையாக விளம்பரம் செய்வதில்லை. ஒரே பள்ளியில் ஒரு வாரம் தங்குவது. திங்கள் நாங்கள் நடிப்போம். செவ்வாயிலிருந்து வியாழன் வரை ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளோடு தினமும் இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை அவர்கள் செய்ததைப் பெற்றோருக்குக் காட்டுவார்கள், வசனத் தாள் இல்லாமல். இது புதிய யோசனை இல்லை. 1965இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பெல்கிரேட் அரங்கம் நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, அவர்கள் நடித்துவிட்டு மட்டும் வரவில்லை, நடிகரும் ஆசிரியருமாகப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். நம் பக்கமும் ஒரு பழைய உதாரணம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாய்ஸ் கம்பெனியில் ஊர் ஊராகப் போகும் குழுவே பள்ளிக்கூடமாக இருந்தது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அப்படி நடத்துவதை இன்று நினைக்கவும் கூடாது. ஆனால் பயணமும் கற்பித்தலும் வேறு வேறு தொழில் என்ற எண்ணம் தமிழ் நாடகத்தில் பிறகு வந்ததுதான். புதுச்சேரியில் வேலு சரவணன் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளிடையே செய்து வருவதைப் பார்த்தாலும், நடிப்பது எங்கே முடிகிறது, விளையாடக் கற்றுக்கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

ஒரு வாரத் தங்கலுக்குத் தலைமையாசிரியர் மனம் வைக்க வேண்டும், மேலாளர் வாரியமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ செலவை ஏற்க வேண்டும். நான் கேட்ட பள்ளிகளில் பெரும்பாலானவை பாட நேரம் போய்விடும் என்று தயங்கின. 2021இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு தயக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூன்று பள்ளிகளில் செய்தோம். கையில் நின்ற பணம் குறைவு, ஆனால் ஒரே ஊரில் ஐந்து நாள் என்பதால் டீசல் செலவும் குறைவு. ஆண்டுக்கு ஆறு வாரம் இப்படிக் கிடைத்தால் நான் வேறெதையும் தேட மாட்டேன். 23 வயதில் இதையே வேலையாக நம்பி இறங்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்து, கோலாலம்பூரா பினாங்கா. வாய்ப்பு என்று எண்ணினால் கோலாலம்பூர்தான். நகருக்குள் 15 தமிழ்ப்பள்ளிகள், சுற்றியுள்ள சிலாங்கூரில் ஏறக்குறைய நூறு. செந்தூலில் பழைய ரயில் பட்டறைக் கட்டடத்தில் 2005இலிருந்து கேஎல்பேக் அரங்கம் இயங்குகிறது, பிரிக்பீல்ட்ஸில் இசையும் நடனமும் கற்பிக்கும் நுண்கலைக் கோயில், படிக்க வேண்டுமென்றால் அரசாங்கக் கலைக் கல்லூரியான அஸ்வாரா. 2017இல் தொடங்கிய சென்டானா அமைப்பின் கலை நிதிக்கு விண்ணப்பிக்கலாம். காட்சி இல்லாத வாரத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பின்னணிக் குரல் கொடுக்கப் போகலாம். நான் பல மாதம் அதை வைத்துத்தான் வாடகை கட்டினேன். ஆனால் வாடகையும் போக்குவரத்தும் ஆளைக் கரைத்துவிடும். காட்சி முடிந்து திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் வேன் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் அதில் ஒரு நாடகம் எழுதியிருப்பேன்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள்தான். ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கெடா, தெற்கே 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள பேரா. வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒரு வசதியும் இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. பினாங்கில் இருந்துகொண்டு சனிக்கிழமை வகுப்பெடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால் மணி நேரத்தில் கூலிமுக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ போய்க் காட்சி நடத்தலாம். வகுப்பை விடாமலே பயணமும் செய்ய இப்படி ஒரு வாய்ப்பு கோலாலம்பூரில் இல்லை. சிறுவர்களோடும் இளையோரோடும் கலை வழியாக வேலை செய்வதற்கு ஜார்ஜ்டவுனில் ஒரு நல்ல மரபும் இருக்கிறது. ஜேனட் பிள்ளை தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் 1999 முதல் சந்தையையும் தெருவையும் கைத்தொழில் கடைகளையுமே பிள்ளைகளுக்கு வகுப்பறையாக்கி வந்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1880களில் மாமாக் புஷி பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகக் குழுவைத் தொடங்கியதும் இந்தத் தீவில்தான். பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் தொழிலுக்கு இந்த ஊர் பழக்கப்பட்டது.

இப்போது என் தீர்ப்பு. இளமையில் ஊர் சுற்று, களைத்த பிறகு வகுப்பெடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அந்த வரிசையில்தான் வந்தேன். அது தவறான வரிசை என்று நினைக்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகளோடு தரையில் உட்காராமல் நேராக இருநூறு பேர் முன்னால் போய் நிற்கிறவருக்குப் பிள்ளைகளின் சத்தம் எதிரியாகத் தெரிகிறது. அதை அடக்கும் வித்தையைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார், குரலையும் அதிலேயே இழக்கிறார். ஓராண்டு வகுப்பெடுத்தவருக்கு எந்தச் சத்தம் ஆசை, எந்தச் சத்தம் சலிப்பு, எந்த அமைதி பயம் என்று காதிலேயே தெரிந்துவிடும். அவர் மேடையேறினால் சத்தத்தோடு சேர்ந்து விளையாடுவார். நான் இன்று ஆடும் நரிக்கும் செந்தூல் காலத்து நரிக்கும் அதுதான் வித்தியாசம், பாதிக் குரலில் ஆடுகிறேன்.

ஆகையால் அக்கா மகள் முதல் ஆண்டு பினாங்கு வகுப்புகளை ஏற்கட்டும். கோலாலம்பூரின் 2,000ஐவிட 400 ரிங்கிட் குறைவுதான், ஆனால் அம்மா வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. 2019 முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோலும் இல்லை. கோலாலம்பூர்க் குழுவிடம் ஓராண்டு கழித்து வரலாமா என்று மரியாதையாகக் கேட்டு வைக்கட்டும். நல்ல குழுவாக இருந்தால் வகுப்பறை அனுபவத்தோடு வருகிறவளை வேண்டாமென்று சொல்லாது. இப்போதே வந்தால்தான் உண்டு என்று சொன்னால், நான் மேலே எழுதிய கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமையில் ஒரே ஒரு வகுப்பாவது செந்தூல் பக்கம் எடுக்க முடியுமென்றால் மட்டும் போகலாம். அந்த ஒரு வகுப்பு இல்லாமல் வேனில் ஏற வேண்டாம்.

இதில் என் சுயநலமும் கலந்திருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. எங்கள் இரண்டு பேர் குழுவுக்கு மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும், அவள் பினாங்கில் இருந்தால் எனக்கு வசதி. நான் சொல்வதை அந்த அளவுக்குக் கழித்துவிட்டே அவள் எடுத்துக்கொள்ளட்டும். முடிவு சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கூலிம் பக்கம் 63 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் காட்சி. வந்து பார் என்று கூப்பிட்டிருக்கிறேன். மேடைப் பக்கம் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் தரையில் உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு வேன் அவள் வீட்டு வாசலில் நிற்கும்.